மருந்துக்கும் தமிழ் இல்லை!

‘மருந்துக்கும் இல்லை’ என்பது நம் வீட்டு வழக்கு. ஒரு பொருள் துளியும் இல்லை என்று சொல்ல வந்த நம் முன்னோர், நோய்க்கு மருந்தாகக் கொடுக்க வேண்டும் சிற்றளவுகூட இல்லை என்னும் கருத்தில் அவ்வாறு கூறினர். அவ்வழக்கு இன்று தமிழுக்கே பொருந்தி வந்துவிட்டது. மருத்துவனாகும் உரிமத்தைப் பெறுதற்குத் தமிழ் மாணவன் எழுதும் தேர்வில் மருந்துக்கும் தமிழ் இல்லை! இதனை யான் நூலிற் படித்து அறிந்திலேன். என் வீட்டுத் திண்ணையிலேயே கண்டறிந்தேன். கண்டதைக் கண்டவாறே எழுதுகின்றேன். படித்தபின் சினம் கொள்வதோ நாணம் கொள்வதோ உங்கள் உணர்வைப் பொறுத்தது.

என்னிடம் பத்தாம் வகுப்பு வரை தமிழ் பயின்ற மாணவன் ஒருவன். உழவர் குடியிற் பிறந்தவன். ஈண்டுள்ள கல்லூரிகளில் இடம் கிட்டாமையால், தந்தையார் இருந்த நிலத்தில் பாதியை விற்று அவனை உருசிய நாட்டுக்கு விடுத்தார். ஆறாண்டு பயின்று பட்டத்தொடு திரும்பினான். திரும்பியவன் உடனே மருத்துவம் பார்த்துவிட முடியாது. வெளிநாட்டில் மருத்துவம் பயின்று வருவோர்க்கென 2002ஆம் ஆண்டிலிருந்து நடுவணரசின் தேர்வு வாரியம் நடத்திவரும் தகுதித்தேர்வில் அவன் தேறியாதல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் தேர்வு அது. ஒரே நாளில் இரு பகுதிகள். பகுதிக்கு 150 வினாக்கள், 150 மணித்துளிகள். ஆக மொத்தம் 300 வினாக்களில் 150க்குச் சரியான விடை தர வேண்டும். தேர்வின் மொழி ஆங்கிலம் ஒன்றே. எழுதுவோருட் பெரும்பாலோர் தோற்பதே பல்லாண்டு வழக்கமாக இருந்துவருகின்றது. 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் எழுதியோருள் ஏறத்தாழப் பதின்மரில் ஒருவரே தேறினர்!

என் மாணவனும் முதன்முறை எழுதித் தோற்றான். வீட்டில் இரைச்சலும் உறவினர் கேள்வியும் பொறாது, என் திண்ணையிலே வந்தமர்ந்து படிக்கலானான். விடியற்காலை நான்கு மணிக்கு வருவான். இருட்டிய பின்னரே எழுவான். பத்தொன்பது பாடங்கள். உடற்கூறு முதல் மகப்பேறு வரை அனைத்தையும் மீண்டும் ஒருமுறை நெஞ்சில் ஏற்ற வேண்டும். வினாக்கள் வெறும் பெயர் கேட்கும் வினாக்களல்ல, சிறு கதைகள். ‘நாற்பத்தைந்து அகவையுள்ள ஆண்; இரண்டு மணி நேரமாக நெஞ்சுவலி; வலி இடக்கைக்குப் பரவுகின்றது; உடல் வியர்த்துள்ளது; அடுத்துச் செய்யத் தக்கது யாது?’ என்றாற்போல் அமைந்தவை. அவன் அவற்றை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிப்பான். யானோ இலக்கணம் கற்பித்தே நரைத்தவன். ஒருநாள், “தம்பி, இவ்வினாவைத் தமிழிற் சொல், எனக்கும் விளங்கட்டும்” என்றேன்.

அவன் தொடங்கினான், தடுமாறினான், நின்றான். பின்னர்ச் சொன்னான்: “ஐயா, தமிழில் எண்ணிப் பார்த்தால் நேரம் போய்விடும். ஒரு வினாவுக்கு ஒரு மணித்துளிதான்.”

தமிழன்பர்களே! அச்சொல் என்னைச் சுட்டது. 150 வினாக்களுக்கு 150 மணித்துளிகள். வினாவுக்கு ஒரு மணித்துளி என்பது கணக்குத்தான். அந்த ஒரு மணித்துளிக்குள் தன் தாய் தன்னோடு பேசிய மொழி வந்து புகுந்துவிட்டால் தான் தோற்றுவிடுவோம் என்று ஒரு தமிழிளைஞன் அஞ்சுகின்றான்! அவன்மேல் எனக்குச் சினமில்லை. அவனை அவ்வாறு அஞ்சச் செய்த அமைப்பின்மேல்தான் சினமெல்லாம்.

அடுத்து நிகழ்ந்ததைக் கேளுங்கள். எங்கள் தெருக்கோடியில் முதியவள் ஒருத்தி இருக்கின்றாள். ஊரார்க்கெல்லாம் ‘ஆயா’. ஒருநாள் மாலை திண்ணையோரம் வந்தமர்ந்து, “தம்பி டாக்டருக்குப் படிக்குதாமே, வாத்தியாரே! எனக்கு ஒரு மாசமா கிட்டினசா இருக்குது, மாத்திரை தின்னும் நிக்கல” என்றாள். அவள் காட்டிய சீட்டைப் பார்த்த மாணவன், தலைசுற்றலுக்குரிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றான்.

எனக்கோ அந்தக் ‘கிட்டினசு’ என்னும் சொல்லே உறுத்திற்று. எழுபது அகவை கடந்த, ஆங்கில எழுத்தொன்றும் அறியாத கிழவிக்கு அச்சொல் எங்கிருந்து வந்தது? மருத்துவமனையில் அவளைக் கேட்டவர்கள் அச்சொல்லாற் கேட்டிருக்கின்றார்கள். அவளும் அதுதான் மருத்துவர்க்கு விளங்கும் சொல் போலும் என்று கற்றுக்கொண்டாள். “ஆயா, அந்தச் சொல்லை விடு. உனக்கு என்ன செய்கிறது என்று உன் சொல்லாற் சொல்” என்றேன்.

“ஒக்காந்திருந்தா ஒண்ணும் இல்ல, வாத்தியாரே. வெடுக்குன்னு எழுந்து நின்னா கண்ண இருட்டிக்கினு வருது. தல சுத்தல் கெடையாது. தள்ளாட்டமும் கெடையாது. கண்ணுதான் இருட்டுது” என்றாள்.

மாணவன் சட்டென நிமிர்ந்தான். குருதியழுத்தத்துக்கு என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று கேட்டான். எழுந்து நிற்கும்போது குருதியழுத்தம் தாழ்வதால் வரும் கண்ணிருட்டலாக இது இருக்கலாம். மாத்திரையின் அளவு கூடியிருத்தலும் ஒரு கரணியம் ஆகலாம். மருத்துவரிடம் மீண்டும் சென்று இப்பொழுது சொன்னதை இப்படியே சொல்லுங்கள் என்றான். அவள் சென்றாள், சொன்னாள், அழுத்தம் அளந்து பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். இரண்டு கிழமைக்குள் ஆயா தெளிந்தாள்.

அன்றிரவு மாணவன் தன் நூலை எனக்குக் காட்டினான். தலைசுற்றலென்று நோயர் சொல்லும் பொதுமுறையீட்டை மருத்துவநூல் நான்காகப் பகுக்கின்றதாம்: உலகமே சுழல்வது போன்ற உணர்ச்சி, மயங்கி விழப்போவது போன்ற உணர்ச்சி, நிலைதடுமாறும் நடை, இம்மூன்றும் அல்லாத தலைக்கிறக்கம். இந்நான்கையும் பிரித்தறிவதே அவன் மூன்று நாளாகத் தவறவிட்டுக்கொண்டிருந்த வினாக்களின் உயிர்நாடி. “ஐயா, ஆயா அதை ஒரே மூச்சில் பிரித்துச் சொல்லிவிட்டாள்” என்றான். ஆம்! சுற்றல், கண்ணிருட்டல், தள்ளாட்டம், கிறக்கம் என நான்கு நிலைக்கும் நான்கு சொல் எழுத்தறியாக் கிழவியின் நாவிலே இருக்கின்றன. அவற்றையெல்லாம் ‘கிட்டினசு’ என்னும் ஒரே சாக்குப்பையிற் போட்டுக் கட்டியது யார்? நோயா? தமிழா? இல்லை, ஆங்கிலத்தையே அறிவென்று மயங்கிய நம் மருத்துவக் கல்வி!

தமிழில் மருத்துவச் சொல் இல்லை என்று கூசாமற் கூறுவோர், தம் பாட்டியிடம் ஒருநாள் அமர்ந்து கேட்கட்டும். வலி என்னும் ஒன்றையே குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிவு, பிசைவு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, தெறிப்பு என வகைவகையாகப் பிரித்து வழங்கும் மொழி இது. வயிற்றுவலி வேறு, வயிற்றுக்கடுப்பு வேறு, வயிற்றுப்பொருமல் வேறு, வயிற்றெரிச்சல் வேறு. விண்விண்ணெனத் தெறிக்கிறது என்றால் சீழ்கோத்த கட்டியை எண்ண வேண்டும். மதமதப்பாக இருக்கிறது என்றால் உணர்வு குன்றியதை எண்ண வேண்டும். நீர்க்கடுப்பு என்ற ஒரு சொல்லிலேயே உறுப்பும் துன்பமும் அடங்கிவிடுகின்றன. வறட்டிருமல், கக்குவான், கோழை, இளைப்பு, மூச்சுமுட்டல் ஆகியவற்றை வேறுபடுத்தாத தாய் தமிழ்நாட்டில் உண்டா? நோயை அறிதற்கு முதற்கருவி நோயன் சொல். அச்சொல்லைக் கற்காத மருத்துவன், நாடிபார்க்கும் விரலை இழந்தவனை ஒப்பான்.

இனி, இக்கேட்டின் வேரைப் பார்ப்போம்.

முப்பதாண்டு ஆசிரியப் பணியில் யான் கற்ற உண்மை ஒன்று உண்டு. பாடத்திட்டம் எதைச் சொன்னாலும், நூல் எதைச் சொன்னாலும், ஆசிரியன் தொண்டை வறளக் கத்தினாலும், தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே மாணவன் படிப்பான். இது மாணவன் குற்றமன்று. பிழைக்க வேண்டியவன் இயல்பு. ஆகலின் ஒரு கல்வியின் உண்மையான முகம் அதன் பாடநூலில் இல்லை. அதன் கடைசித் தேர்வில் இருக்கின்றது. மருத்துவக் கல்வியின் கடைசித் தேர்வோ உரிமத்தேர்வு. அத்தேர்வு தமிழைக் கேட்கவில்லை. அதனால் மாணவன் தமிழைப் படிக்கவில்லை. அதனால் மருத்துவன் தமிழிற் சிந்திக்கவில்லை. அதனால் ஆயா ஒரு மாதம் வேண்டாத மாத்திரை தின்றாள். சங்கிலியின் முதற்கண்ணி தேர்வு. கடைசிக் கண்ணி நோயன் உடல்.

2019ஆம் ஆண்டுப் புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில், முதலாண்டின் தொடக்கப் பயிற்சியிலே வட்டாரமொழிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டுள்ளது என்று சிலர் எடுத்துக்காட்டுவர். மகிழ்ச்சி! ஆனால் தொடக்கத்திற் சில மணிநேரம் சொல்லிக்கொடுத்து, முடிவில் ஒரு வினாகூடக் கேளாத பாடம் எந்த மாணவன் நெஞ்சில் தங்கும்? அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மருத்துவ நூல்கள் சில தமிழாக்கப்பெற்றுள்ளன. அதுவும் மகிழ்ச்சியே. ஆனால் தேர்வு கேளாத மொழியில் உள்ள நூல் நூலகத்தில் தூசுதான் தின்னும்.

என் மாணவனின் கதையில் மற்றொரு முரணையும் எண்ணிப் பாருங்கள். உருசியாவில் அவனுக்குப் பாடம் ஆங்கிலத்தில். ஆனால் மருத்துவமனைக் கட்டிலண்டை சென்றபொழுது அங்குள்ள நோயர் உருசிய மொழியன்றி வேறொன்றும் பேசார். ஆதலின் முதலாண்டு தொட்டே உருசியம் கற்பித்தனர். அந்நாட்டு நோயர் தம் வலியை வகைப்படுத்தும் சொற்களையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி நெட்டுருப் பண்ணினான் இவன். உருசியக் கிழவிக்கு ‘எப்படி வலிக்கிறது?’ என்று அவள் மொழியிற் கேட்கக் கற்றவன், தன் தெருக்கோடிக் கிழவியை அவள் மொழியிற் கேட்கக் கற்கவில்லை. ஏன்? அங்கே அதனைக் கேட்டனர். இங்கே எவரும் கேட்கவில்லை.

நடுவணரசின் மருத்துவ ஆணையம் 2021ஆம் ஆண்டில் இயற்றிய விதிகளைப் பாருங்கள். வெளிநாட்டில் மருத்துவம் பயில்வோன் குறைந்தது 54 திங்கள் பயில வேண்டும். அப்பயிற்றுமொழி ஆங்கிலமாக இருத்தல் வேண்டும் என்கின்றன அவை. செருமனிக்குச் சென்றாலும் சீனத்துக்குச் சென்றாலும் ஆங்கிலத்திலேயே படி என்கிறார்கள். இன்னும் கேளுங்கள்: அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் மருத்துவப் பட்டமும் மேற்பட்டமும் பெற்று அந்நாட்டில் மருத்துவராகப் பதியும் தகுதியுடையார்க்கு இத்தகுதித்தேர்விலிருந்து விலக்கு அளித்திருக்கின்றார்கள். ஐந்தும் ஆங்கிலம் ஆளும் நாடுகள்! வெள்ளையன் 1947இல் கப்பலேறினான்; அவன் விட்டுச்சென்ற அளவுகோல் மட்டும் ஏறவில்லை.

பிறநாட்டார் என் செய்கின்றனர்?

செருமனியில் அயல்நாட்டு மருத்துவன் உரிமம் பெற வேண்டுமாயின், மருத்துவச் செருமன்மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அந்நாட்டு மாநிலங்களின் நலவாழ்வு அமைச்சர்கள் 2014இல் கூடி அதற்குப் பொதுநெறி வகுத்தனர். ஒருமணி நேரத் தேர்வு, மூன்று பகுதி. முதல் இருபது மணித்துளி நோயராக நடிப்பவரோடு உரையாடி நோயைக் கேட்டறிய வேண்டும். அடுத்த இருபது மணித்துளி அதனை எழுத வேண்டும். கடைசி இருபது மணித்துளி மூத்த மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டும். அனைத்தும் செருமன் மொழியிலே! எத்துணைப் பெரிய அறிவாளியாயினும் நோயனொடு பேசத் தெரியாதவன் எங்கள் நாட்டில் மருத்துவனல்லன் என்பது அவர்கள் துணிபு.

அமெரிக்காவில் 2004 முதல் உரிமத்தேர்வின் ஒரு படியாகவே, பயிற்சி பெற்ற போலிநோயர் பன்னிருவரை ஒருவர்பின் ஒருவராகச் சந்தித்துப் பேசும் தேர்வு இருந்தது. பேச்சாங்கிலத் திறமும் அதில் தனியே அளக்கப்பட்டது. 2021இல் அத்தேர்வைக் கைவிட்டபின்னும், அயல்நாட்டில் பயின்று வருவோர் மருத்துவத்துக்கென அமைந்த ஆங்கிலத்தேர்வு எழுதியாக வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டனர். ஆங்கிலேயன் மொழி பேசும் அமெரிக்கனுக்கே தன் நோயன் மொழிமேல் இத்துணை அக்கறை!

சப்பானைப் பாருங்கள். அங்கே மருத்துவ உரிமத்தேர்வு ஆண்டுதோறும் பிப்பிரவரியில் இரண்டு நாள் நடைபெறுகின்றது; 400 வினாக்கள்; மொழி சப்பானியம். அத்தேர்விற் சில விடைகள் ‘விலக்கப்பட்ட விடைகள்’. நோயர்க்குப் பெருந்தீங்கு விளைக்கத்தக்க அவ்விடைகளைக் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவன் தேர்ந்தெடுத்தால், ஏனை மதிப்பெண் எவ்வளவு இருப்பினும் அவன் தோற்றவனே. எத்துணைச் சீரிய முறை! நோயன் சொல்வதைப் புரிந்துகொள்ளாமையும் அவ்வாறு விலக்கத்தக்க தீங்கன்றோ என்று கேட்கிறேன்.

சப்பானியர்க்கு இவ்வளம் வானத்திலிருந்து விழுந்ததா? 1771ஆம் ஆண்டில், சுகிதா கெம்பக்கு, மாயெனோ இரியோதக்கு முதலிய மருத்துவர் சிலர், இடச்சு மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றைக் கையிலேந்தி, பிணமொன்று அறுக்கப்பட்டதை நேரிற் கண்டனர். நூலின் படமும் உடலின் உறுப்பும் ஒத்திருக்கக் கண்டு வியந்தனர். அன்று அவர்க்கு இடச்சு மொழி செவ்வையாகத் தெரியாது. சொல்சொல்லாகத் துருவி, இல்லாத சொல்லை ஆக்கி, 1774இல் அந்நூலைத் தம் எழுத்தில் வெளியிட்டனர். இன்று சப்பானியர் நரம்புக்கு வழங்கும் சொல் அம்மொழிபெயர்ப்பிற் படைக்கப்பட்டதே. எழுத்தைச் சீனத்திடம் வாங்கினர். ஆனால் அறிவைத் தம் மக்கள் மொழியில் நிறுவினர். தொடங்கியபொழுது அவர்களிடம் சொல் இல்லை, துணிவு இருந்தது. நம்மிடம் சொல் இருக்கிறது, துணிவு?

துணிவும் நம்மிடம் ஒருகாலத்தில் இருந்தது என்பதே நெஞ்சை அறுக்கும் செய்தி. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்குக் கிறீன். சமயப்பணிக்கு வந்தவர், மானிப்பாயில் மருத்துவப்பணி ஆற்றினார். முதலில் ஆங்கிலத்திலேயே தமிழிளைஞர்க்கு மருத்துவம் கற்பித்தார். கற்றவர் பலர் ஊரை விட்டு, ஊதியம் மிக்க அரசுப்பணி தேடிச் சென்றனர். சிற்றூர்கள் மருத்துவரின்றியே கிடந்தன. கண்டார் கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தாமும் தம் மாணவருமாக உடற்கூறு, உடலியங்கியல், மகப்பேறு, அறுவை, மருந்தியல், வேதியல் என்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழில் அச்சேற்றினர். ஆங்கில நாடுகளில் இன்றும் பயிலப்படும் கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 1872லேயே தமிழில் வந்துவிட்டது!

அந்நூல்களின் பெயரிலும் கலைச்சொல்லிலும் வடசொல் மலிந்திருத்தல் நமக்கு உவப்பானதன்று. அக்காலப் புலவர் வழக்கு அது. இன்று ஆக்கப்படும் நூலில் அப்பிழை வேண்டா. ஆனால் குறை காணும் நாம் ஒன்றை மறக்கலாகாது: கடல்கடந்து வந்த அயலான் ஒருவன் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியும் என்று ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுக்கு முன்னரே செய்துகாட்டினான், தமிழராகிய நாமோ முடியாது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

மறுப்பார் கூற்று மூன்று, அவற்றையும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, “மருத்துவம் உலகப் பொது, ஆராய்ச்சியெல்லாம் ஆங்கிலத்தில்” என்பர். உண்மை. ஆங்கிலத்தை எறிந்துவிடு என்று யாம் கூறவில்லை. சப்பானிய மருத்துவன் ஆங்கில ஆய்விதழைப் படிக்கின்றான். செருமன் மருத்துவன் ஆங்கிலத்தில் எழுதவும் செய்கின்றான். ஆனால் அவர்கள் தம் நாட்டு உரிமத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கவில்லை. படிக்கும் சாளரம் வேறு. குடியிருக்கும் வீடு வேறு. சாளரத்துக்காக வீட்டை இடிப்பார் உண்டோ?

இரண்டாவது, “தமிழில் எழுதியவன் வெளிநாடு செல்ல முடியாதே!” என்பர். வெளிநாடு செல்வோன் அந்நாட்டுத் தேர்வை எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். இங்கே ஆங்கிலத்தில் எழுதிவிட்டமைக்காக எவனும் அவனைச் சும்மா ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. மேலும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனை எவர் நலத்துக்காக? ஊரில் இருந்து நோய் தீர்ப்பான் நலத்துக்கா? வானூர்தி ஏறுவான் நலத்துக்கா? கிறீன் கண்ட அதே காட்சியை நாம் இன்னும் கண்டுகொண்டிருக்கின்றோம்.

மூன்றாவது, “அனைத்து மாநிலத்துக்கும் பொதுவான தேர்வைப் பல மொழியில் நடத்த இயலாது” என்பர். இயலாதா? மருத்துவக் கல்லூரியிற் புகுவதற்கான ‘நீட்’ தேர்வு 2021 முதல் பதின்மூன்று மொழிகளில் நடைபெறுகின்றது. அவற்றுள் தமிழும் ஒன்று. அத்தேர்வே வேண்டும் வேண்டா என்னும் வழக்கு வேறு. புகுவாயிலிற் பதின்மூன்று மொழியாற் கேட்க இயன்றவர்க்கு வெளிவாயிலில் ஒரு மொழிக்குமேல் இயலாமற் போன மறைபொருள் என்ன? உள்ளே வரும்போது தமிழனாக வா. வெளியே போகும்போது தமிழை உள்ளேயே புதைத்துவிட்டுப் போ என்பதுதானே?

ஆனால் இவ்விடத்தில் நாமும் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழிற் கேட்பது என்றால் ஆங்கில வினாவை எவனோ ஒருவன் அரைகுறையாகப் பெயர்த்துப் போடுவதன்று. 2018ஆம் ஆண்டு ‘நீட்’ தமிழ்வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட்டன என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்குமாறு அவ்வாண்டு சூலையில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை முதலில் நிறுத்திவைத்துப் பின்னர் நீக்கியது. ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பது அத்தேர்வின் விதி. அஃதாவது, தமிழில் எழுது. ஆனால் தமிழை நம்பாதே! இப்படிப்பட்ட தமிழ் நமக்கு வேண்டா. தமிழ் மருத்துவ ஆசிரியர் தமிழிலேயே எண்ணித் தமிழிலேயே ஆக்கிய வினாவே வேண்டும். நூலாக்கத்துக்கும் இது பொருந்தும். 2022 அக்தோபரில் போபாலில் மருத்துவ முதலாண்டு நூல்களை இந்தியில் வெளியிட்டனர். ஆங்கிலச் சொற்களையே பெரிதும் தேவநாகரி எழுத்தில் பெயர்த்தெழுதிவிட்டனர் என்று அவர் நாட்டிலேயே குறை கூறினர். இந்தியை நம்மேற் சுமத்துவதை எதிர்ப்போம். அவர்தம் மொழிக்கு அவர் முயல்வதைக் கண்டு நாம் நாணுவோம். அவர் செய்த பிழையை நாம் செய்யாதிருப்போம்.

காலம் இப்பொழுது கனிந்திருக்கின்றது. 2019ஆம் ஆண்டு மருத்துவ ஆணையச் சட்டம், நாடு முழுமைக்கும் பொதுவான ‘வெளியேறு தேர்வு’ ஒன்றை ஏற்படுத்தக் கூறியது. உள்நாட்டிற் படித்தவனும் வெளிநாட்டிற் படித்தவனும் அதனை எழுதியே உரிமம் பெற வேண்டும் என்பது திட்டம். எழுத்துத்தேர்வு முதற்படி, கட்டிலண்டைச் செய்முறைத்தேர்வு இரண்டாம் படி. 2023 சூலையில் அதற்கு மாதிரித்தேர்வு நடத்தவும் நாள் குறித்து, மாணவர் எதிர்ப்பும் குழப்பமும் கண்டு தள்ளிவைத்தனர். மாநில உரிமையைப் பறிக்கும் அத்தேர்வே வேண்டா என்பது ஒரு போராட்டம், அது நடக்கட்டும். ஆனால் எவர் நடத்தும் தேர்வாயினும், நடுவணரசோ தமிழ்நாட்டரசோ பல்கலைக்கழகமோ எதுவாயினும், தமிழ்நாட்டில் மருத்துவம் பார்க்க உரிமம் தரும் தேர்வுக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: எழுத்துத்தேர்வைத் தமிழில் எழுதும் உரிமை. வினா தமிழிலேயே ஆக்கப்பட வேண்டும். தமிழ்வினாவும் முடிவானதாகக் கொள்ளப்பட வேண்டும்.

இரண்டு: செய்முறைத்தேர்வில் தமிழ்நோயர் ஒருவரைத் தமிழிலேயே உசாவி, நோயின் வரலாற்றைத் தமிழில் எழுதி, மருந்துண்ணும் முறையை அவர்க்கு விளங்கத் தமிழிற் கூறும் பகுதி கட்டாயமாக வேண்டும். எம்மாநிலத்திலிருந்து வந்தவராயினும் இதிற் தேறாதவர்க்குத் தமிழ்நாட்டில் நோயர் உடலைத் தொடும் உரிமை இல்லை. இது பகையன்று, செருமானியன் செய்வதே.

மூன்று: ஊர்தோறும் வழங்கும் நோய்ச்சொற்களைத் திரட்டி, மருத்துவ மாணவர்க்குப் பாடநூலாக்க வேண்டும்.

மூன்றாவதற்கு அரசைக் காத்திருக்க வேண்டியதில்லை. இதனைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்றே தொடங்கலாம். உங்கள் வீட்டு முதியோரிடம் சென்று, ‘இந்த வலிக்கு என்ன பெயர்? இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?’ என்று கேளுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு சொல்லாக எழுதுங்கள். ஊரும் பொருளும் குறியுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளை இவ்வாறு எழுதிவரச் சொல்லியிருக்கின்றேன். நாள்தோறும் சீட்டுகள் வந்து சேர்கின்றன. யான் கேட்டறியாத சொற்களும் அவற்றுள் உண்டு. அம்முதியோர் மறையும்போது அச்சொற்களும் அவர்களோடு மறையும். எரித்த பின்னர் எந்த அகரமுதலியிலும் தேடிப் பயனில்லை.

என் மாணவன் இப்பொழுது அடுத்த தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருக்கின்றான். அவன் குறிப்பேட்டில் ஒரு மாற்றம் கண்டேன். இடப்பக்கத்தில் ஆங்கில நூலின் நோய்க்குறி. வலப்பக்கத்தில் அதற்கு ஆயாவும் அவள் தோழியரும் சொன்ன சொல். எவரும் ஏவாமல் அவனே செய்தது. “இதனால் உனக்கு நேரம் போகிறதே, தம்பி!” என்றேன். “இல்லை ஐயா, இப்படி எழுதினால் மறப்பதில்லை” என்றான்.

தமிழில் எண்ணினால் நேரம் போய்விடும் என்று அஞ்சியவனே, தமிழில் எழுதினால் மறப்பதில்லை என்று கண்டுகொண்டான். அவன் கண்டுகொண்டதை நாடு எப்பொழுது கண்டுகொள்ளும்? அவன் எழுதப்போகும் தேர்வு இடப்பக்கத்தை மட்டுமே கேட்கும், வலப்பக்கத்தைக் கேளாது. அவனுக்கு இளையோர் எழுதும் தேர்வாவது அதனைக் கேட்கச் செய்வது நம் கடன். மருந்துக்கும் தமிழ் இல்லை என்னும் இழிவை, மருந்துக்கும் தமிழே என்று மாற்றுவோம், வாரீர்!